சாமி கும்பிட்ட பிறகு சுவரைப் பாருங்கள்

கோயிலுக்குள் நம்மில் பெரும்பாலோர் நடக்கும் தடம் ஒன்றுதான். செருப்பை விடுகிறோம், வரிசையில் நிற்கிறோம், தீபாராதனை பார்க்கிறோம், விபூதி வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிக் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிடுகிறோம், வெளியே வந்து புளியோதரை சாப்பிடுகிறோம். நானும் முப்பது வயதுவரை அப்படித்தான் நடந்தேன். ஆயிரம் வருஷத்துச் சுவரைத் தோளால் உரசிக்கொண்டு போயிருக்கிறேன், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

பார்க்கத் தொடங்கிய புதிதில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில், கருவறைக்குப் பின்னால் சுவரை வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்குப் போட வந்த ஒரு பாட்டி கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "சாமியைப் பாக்காம செவுத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறியே தம்பி, உள்ள போய்க் கும்பிட்டியா?" என்றார். கும்பிட்டுவிட்டேன் என்றதும், "அப்பச் சரி, பாரு" என்று நகர்ந்துவிட்டார். அந்த வரிசைதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். முதலில் கும்பிடுங்கள், அப்புறம் சுவருக்கு வாருங்கள்.

தமிழ்நாட்டுக் கோயிலின் கட்டடத்தை முதன்முதலாக நின்று பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிற்ப சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு இரண்டு மணி நேரம் போதும்.

எந்தக் கோயிலில் தொடங்குவது

மதுரையிலோ ஸ்ரீரங்கத்திலோ தொடங்காதீர்கள். அவை ஒரு ஆள் கட்டியவை அல்ல. பல நூற்றாண்டுகளாக ஒவ்வொருவரும் ஒரு மண்டபம், ஒரு மதில் என்று சேர்த்துக்கொண்டே போனவை. புதிதாக வருகிறவருக்கு எங்கே எது தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. அரை மணி நேரத்தில் கண் களைத்துவிடும், "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

சோழ நாட்டு ஊர் ஒன்றில் இருக்கும் சின்ன, பழைய கற்கோயிலைத் தேர்ந்தெடுங்கள். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில், தஞ்சாவூர் கும்பகோணம் சாலையில் பசுபதிகோயிலை ஒட்டிய புள்ளமங்கை பிரம்மபுரீஸ்வரர் கோயில், திருச்சிப் பக்கம் சீனிவாசநல்லூர் குரங்கநாதர் கோயில் போன்றவை. இவற்றின் கருவறைச் சுவரைக் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். அடி முதல் கலசம் வரை ஒரே பார்வையில் அடங்கும். இங்கே ஒரு கோயிலைப் படித்துவிட்டால் தஞ்சைப் பெரிய கோயில் அதே பாடத்தின் பெரிய எழுத்துப் பதிப்பாகத் தெரியும்.

நேரமும் கையிருப்பும்

பெரும்பாலான கோயில்கள் காலை ஆறு மணிவாக்கில் திறந்து நண்பகலில் நடை சாத்தி, மறுபடி மாலை நாலு மணிக்குத் திறக்கும். சின்ன ஊர்களில் குருக்களின் வசதியைப் பொறுத்து இதுவும் மாறும், முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. காலை ஏழு மணியும் மாலை நாலரை மணியும்தான் எனக்குப் பிடித்த நேரங்கள். கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வெயில். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் புடைப்புச் சிற்பத்துக்கு நிழல் கிடைக்கும், நிழல் இருந்தால்தான் உருவம் எழும்பி நிற்கும். உச்சி வெயிலில் அதே சிற்பம் தட்டையாகப் போய்விடும். போதாக்குறைக்கு உங்கள் பாதமும் வெந்துவிடும். ஒரு சித்திரை மாதம் பன்னிரண்டு மணிக்குப் பிரகாரத்தில் இறங்கி, தரையில் அடித்திருந்த வெள்ளைச் சாயக் கோட்டைத் தேடி நான் ஓடிய ஓட்டம் இன்னும் நினைவிருக்கிறது.

பிரதோஷம், வெள்ளிக்கிழமை மாலை, திருவிழா நாட்கள் எல்லாம் சாமி பார்க்க நல்லவை, கட்டடம் பார்க்க உதவாதவை. ஒரு சின்ன டார்ச், ஒரு நோட்டு, பென்சில், முடிந்தால் ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டியோ முழுக்கால் சட்டையோ, புடவையோ சுடிதாரோ போதும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் உட்படப் பல பெரிய கோயில்களில் செல்போனுக்குத் தடை இருக்கிறது, வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தடை இல்லாத இடத்திலும் கருவறையைப் படம் எடுக்கக் கூடாது. எனக்கு இந்தத் தடையில் வருத்தமே இல்லை. போன் இல்லாத நாளில் பென்சிலால் கிறுக்கியவைதான் மனசில் தங்கியிருக்கின்றன.

இந்து அல்லாத நண்பரோடு போனால், பல கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் அவர்களை அனுமதிப்பதில்லை என்று பலகை இருக்கும். வருத்தப்பட வேண்டாம். கட்டடம் பார்க்க வேண்டியதில் பாதிக்குமேல் வெளியில்தான் இருக்கிறது.

வாசலில் இருந்து கருவறை வரை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாசலுக்கு மேல் எழும்புவது கோபுரம். கருவறைக்கு மேல் எழும்புவது விமானம். தஞ்சாவூரில் ஊருக்கே தெரிகிற அந்த உயரம் கோபுரம் இல்லை, விமானம். அங்கே உண்மையான கோபுரங்கள் நுழையும்போது வருகிற கேரளாந்தகன் திருவாசலும் இராசராசன் திருவாசலும்தான், இரண்டும் விமானத்தைவிடக் குள்ளம். சோழர் காலத் தொடக்கத்தில் விமானமே பெரிது. பிற்காலத்தில் விமானம் சிறுத்துக் கோபுரம் வானத்துக்கு வளர்ந்தது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே எந்த ஊரிலும் தூரத்திலிருந்தே காலத்தைத் தோராயமாகச் சொல்லத் தொடங்கலாம்.

கோபுரத்தைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது தாண்டுங்கள். பலிபீடம், கொடிமரம், சிவன் கோயிலானால் நந்தி, பெருமாள் கோயிலானால் கருடன். எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் கருவறையைப் பார்த்து நிற்கும். நந்திக்கும் சாமிக்கும் குறுக்கே போகாதீர்கள். அப்புறம் மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை. வெளிச்சம் படிப்படியாகக் குறைவதையும் கூரை தாழ்வதையும் தூண்கள் நெருங்குவதையும் நடந்துகொண்டே கவனியுங்கள். வெளியே வெயிலில் திறந்த வெளி, உள்ளே ஒற்றை விளக்கில் ஒரு சின்ன அறை. இத்தனை பெரிய கோயில் எழுந்ததே இந்தச் சின்ன அறைக்காகத்தான்.

கும்பிட்டாயிற்றா? இப்போது வெளியே வந்து, சாமியைப் பார்த்து நின்று இடப்பக்கமாகத் திரும்பி, வழக்கம்போல வலம் வரத் தொடங்குங்கள். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு உயரத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சாவி

கற்கோயில் என்பது கல்லில் கட்டிய கூரைவீடு. எனக்குக் கோயில் புரியத் தொடங்கியது இந்த ஒரு வரிக்குப் பிறகுதான்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். அங்குள்ள கல்வெட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இதைச் செய்வித்தேன் என்று பெருமைப்படுகிறது. அப்படியென்றால் அதற்கு முன் கோயில்கள் அந்தப் பொருட்களால்தான் கட்டப்பட்டன என்று ஆகிறது. தச்சருக்குத் தெரிந்த வடிவங்கள் மரமும் ஓலையும் கொடுத்தவை. கல் வந்தபோது அவர்கள் புது வடிவம் தேடவில்லை. தெரிந்த வீட்டையே கல்லில் செய்தார்கள்.

நம்ப முடியவில்லையென்றால் மாமல்லபுரம் ஐந்து ரதங்களுக்குப் போய்த் திரௌபதி ரதத்தின் முன் நில்லுங்கள். அது ஒரு குடிசை. கூரை மேலிருந்து வளைந்து இறங்குவதும், விளிம்பு தூக்கி நிற்பதும் அப்படியே கிராமத்துக் கூரைதான், பொருள் மட்டும் பாறை. பக்கத்தில் பீம ரதம் வண்டிக்கூண்டு போல நீளமான கூரை. சகாதேவ ரதம் பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்தது. அதற்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று அழகான பெயர் உண்டு. புரியாமல் போய்விடக் கூடாது என்றோ என்னவோ பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! யானையின் பின்புறத்தையும் கட்டடத்தின் பின்புறத்தையும் மாறி மாறிப் பாருங்கள்.

சரி, சாவி கையில் இருக்கிறது. சுற்றத் தொடங்கலாம்.

முதல் சுற்று: முழங்கால் உயரம்

குனிந்து பாருங்கள். சுவர் தரையிலிருந்து நேராக எழும்பாது. கீழே சில வரிகள் முன்னே தள்ளியும் உள்ளே ஒதுங்கியும் அடுக்காக இருக்கும். இதுதான் அதிட்டானம், தமிழில் தாங்குதளம். அடியில் அகலமாக உபானம். அதன்மேல் நேரான பட்டையாக ஜகதி. அதற்குமேல் உருண்டையாகவோ எட்டுப் பட்டையாகவோ புடைத்திருப்பது குமுதம். பிறகு உள்ளே ஒதுங்கிய கண்டம். மேலே மூடினாற்போலப் பட்டிகை. பெயர்கள் ஒரே நாளில் நிற்காது, பரவாயில்லை. குமுதத்தை மட்டும் முதலில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அது கண்ணில் பட்டுவிட்டால் மேலே என்ன, கீழே என்ன என்பது தானாக வரும்.

பட்டிகைக்குப் பதிலாகச் சில கோயில்களில் வரிசையாக யாளி முகங்கள் ஓடும். மூலைகளில் முதலை போன்ற மகரத்தின் முகம் வாயைத் திறந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வாய்க்குள் ஒரு சின்ன வீரன்கூட நிற்பான். இந்த வகைக்குப் பிரதிபந்தம் என்று பெயர். சாதாரணப் பட்டிகை இருந்தால் பாதபந்தம்.

புள்ளமங்கையிலும் நாகேஸ்வரன் கோயிலிலும் இந்தச் சுற்றில் ரொம்ப நேரம் ஆகும், ஆகட்டும். அங்கே கண்டத்தில் தூண் தூணாகப் பிரிந்திருக்கும் இடைவெளியில் உள்ளங்கை அளவுச் சிற்பங்கள் இருக்கின்றன. இராமாயணக் காட்சிகள் வரிசையாக ஓடும். பத்து விரற்கடை கல்லில் ஆறேழு பேர், ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிலை. இதைச் செதுக்கியவர் யாருக்காகச் செதுக்கினார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. நடந்து போகிறவர் கண்ணில் படாத உயரம் அது. குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும், அவர்களைக் கூட்டிப் போனால் நம்மைவிட முதலில் அவர்கள்தான் கண்டுபிடிக்கிறார்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள்.

வடபுறம் வந்ததும் சுவரிலிருந்து ஒரு கல் தூம்பு நீட்டியிருக்கும். அபிஷேக நீர் வெளியேறும் கோமுகி. அதைத் தாங்கும் பூதகணத்தின் முகத்தைப் பாருங்கள், பல கோயில்களில் அந்தக் குள்ளப் பையன்தான் எனக்குப் பிடித்த சிற்பம்.

எழுத்து

அதே உயரத்தில் ஜகதியிலும் குமுதத்திலும் வரி வரியாகக் கீறல்கள் தெரியும். அவை கல்வெட்டுகள். புதிதாக வருகிறவர்கள் "நம்மால் படிக்க முடியாது" என்று கடந்துவிடுகிறார்கள். பத்தாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் க, ட, ப, ம, ர, வ போன்றவற்றை இன்றைய கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், அதனால் முதலில் தடுமாறும்.

தொடக்கத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று, வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும். சோழர் கோயிலானால் 'கோப்பரகேசரி' அல்லது 'கோராஜகேசரி' என்று தேடுங்கள். சோழ அரசர்கள் இந்தப் பட்டங்களை மாறி மாறிச் சூட்டிக்கொண்டார்கள். 'யாண்டு' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது அரசனின் ஆட்சியாண்டு. 'திருமகள் போல' என்று தொடங்கினால் உங்கள் எதிரில் இருப்பது முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழைச் சொல்லும் முன்னுரை. முடிவில் 'பன்மாகேஸ்வர ரக்ஷை' என்றிருந்தால் சிவனடியார்கள் இந்த அறத்தைக் காக்க வேண்டும் என்று பொருள். பெருமாள் கோயிலில் அங்கே 'ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' இருக்கும்.

நடுவில் என்ன எழுதியிருக்கும்? பெரும்பாலும் கணக்கு. நிலம், பொன், நெல், விளக்கு. அணையாத நந்தா விளக்கு ஒன்று எரிய 90 அல்லது 96 ஆடு கொடுத்ததாகப் பல கல்வெட்டுகள் சொல்கின்றன. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். ஆடு சாகாது, மூப்படையாது என்றா? குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு, அவர்தான் தினமும் நெய் அளக்க வேண்டும். தஞ்சையில் இராசராசன், தான் கொடுத்ததையும் தன் அக்கன் கொடுத்ததையும் பெண்டுகள் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் விமானத்துக் கல்லிலே வெட்டச் சொன்னான். அக்கன் குந்தவை. அரசனும் அக்காவும் பணியாளும் ஒரே சுவரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

வரி பாதியில் அறுந்து, அடுத்த கல்லில் சம்பந்தமில்லாமல் வேறு எழுத்து தொடங்கினால், அல்லது எழுத்து தலைகீழாக இருந்தால், அந்தக் கோயில் பிற்காலத்தில் பிரித்துக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸோ விபூதியோ பூசாதீர்கள். மிச்ச விபூதியைச் சிற்பத்தின் காலடியில் கொட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

இரண்டாம் சுற்று: கண் உயரம்

இப்போது சுவர். முதலில் வெற்றிடத்தைக் கவனியுங்கள். நல்ல முற்காலச் சோழர் சுவரில் சிற்பத்தைவிட வெறும் கல்தான் அதிகம். நடுவில் ஒரு கோட்டம், அதாவது மாடம், அதில் ஒரு தெய்வம், இருபக்கமும் மெல்லிய அரைத்தூண்கள், அவ்வளவுதான். அந்த அமைதியால்தான் கோட்டத்துச் சிற்பம் நம்மைப் பார்த்து நிற்கிறது. எனக்குச் சோழர் காலத்துக்குள்ளும் இந்த முதல் நூறு வருஷம் ஒரு படி மேல். பின்னால் வந்தவர்கள் சுவரை நிரப்பினார்கள். சிலருக்கு அது செழிப்பு, எனக்கு நெரிசல்.

சிவன் கோயில் கோட்டங்களில் யார் எங்கே என்பதற்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. தெற்கில் பிள்ளையார், தட்சிணாமூர்த்தி. மேற்கில் லிங்கோத்பவர், சில கோயில்களில் திருமால். வடக்கில் பிரம்மா, துர்க்கை. எதிரே தனிச் சன்னிதியில் சண்டிகேஸ்வரர். அவரிடம் போய்க் கை தட்டுவதைக் காட்டிலும் அவர் சன்னிதியின் குட்டி விமானத்தைப் பாருங்கள், பெரிய விமானத்தைக் கைக்கடக்கமாகச் செய்து வைத்தது போல இருக்கும்.

கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலில் தெய்வங்களோடு ஆணும் பெண்ணுமாகச் சில மனித உருவங்களும் சுவரில் நிற்கின்றன. அரச குடும்பமா, ஊர்ப் பெரியவர்களா என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் அந்த முகங்களுக்கு முன் பத்து நிமிஷம் நில்லுங்கள், யாராக இருந்தால் என்ன என்று தோன்றிவிடும்.

அப்புறம் அரைத்தூணின் உச்சி. இது காலம் கண்டுபிடிக்கும் இடம். தூணின் தலையில் பலகை, பலகைக்கு மேல் உத்தரத்தைத் தாங்க இரண்டு பக்கமும் கை நீட்டுகிற போதிகை. மரவீட்டில் தூணுக்கும் விட்டத்துக்கும் நடுவில் வைக்கும் அதே கட்டைதான். அந்தக் கையின் முனையைப் பாருங்கள். வளைந்து, அலை அலையாகச் சுருள்கள் இருந்தால் பல்லவர் காலமோ சோழரின் தொடக்கமோ. சுருள் போய்ச் சாய்வாக வெட்டி நடுவில் ஒரு துண்டு நீட்டியிருந்தால் சோழர் நடுக்காலத்தை ஒட்டியது. முனை பூமொட்டாகக் கீழே தொங்கத் தொடங்கினால் அதற்குப் பிற்பட்டது. வாழைப்பூவைக் கவிழ்த்தாற்போல நன்றாகத் தொங்கினால் விஜயநகர, நாயக்கர் காலம். இது தோராயக் கணக்குதான், பழைய பாணியில் புதிதாகச் செய்தவர்களும் உண்டு. ஆனாலும் பத்துக் கோயிலில் எட்டில் கை கொடுக்கும்.

வாயிற்காவலர்களான துவாரபாலகர்களிடமும் இதே போல ஒரு குறிப்பு இருக்கிறது. பல்லவர் காலத்தவர்களுக்கு இரண்டு கை, முகத்தில் சாந்தம். இராசராசன் காலத்துக்கு வந்தால் நாலு கை, கோரைப்பல், விரலை நீட்டி மிரட்டல்.

மூன்றாம் சுற்று: கழுத்தை நிமிர்த்தி

சுவர் முடியும் இடத்தில் கல் வெளியே வளைந்து சாய்ந்து நிற்கும். அது கபோதம், வீட்டுத் தாழ்வாரத்தின் இறவாணம்தான். மழைநீர் சுவரில் படாமல் விழ வேண்டும். கூரையின் வேலை எதுவோ அதே வேலை. அதற்குக் கீழே குள்ளப் பூதங்கள் வரிசையாகப் பாடி ஆடிக்கொண்டிருக்கும். மேலே யாளி வரிசை. மாடித்தரையின் மர உத்தரங்களின் முனை நீட்டியிருந்த இடம்தான் அப்படிச் சிங்க முகமாயிற்று என்று கட்டடக்கலை அறிந்தவர்கள் விளக்குகிறார்கள்.

கபோதத்தின் மேல் குதிரை லாட வடிவில் வட்டங்கள் தெரியும். அவற்றுக்குக் கூடு என்று பெயர். ஓலைக்கூரையில் காற்றுக்கு வைத்த சாளரத்தின் நினைவு அது. உள்ளே ஒரு முகம் எட்டிப்பார்க்கும். கூட்டின் உச்சி தட்டையாக மண்வெட்டி போல இருந்தால் பல்லவர், சிங்கமுகம் இருந்தால் சோழர். கபோதத்தின் மூலையில் பூந்தையல் போட்டது போல ஓடும் செதுக்கல் கொடிக்கருக்கு.

இனி மேலே மேலே தளங்கள். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் குட்டி வீடுகளின் வரிசை இருக்கும். மூலையில் சதுரமானது கர்ணகூடம், நடுவில் நீளமானது சாலை, இரண்டுக்கும் இடையே பஞ்சரம். திரௌபதி ரதத்தையும் பீம ரதத்தையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. கர்ணகூடம் அந்தக் குடிசை, சாலை அந்த வண்டிக்கூண்டு. வீட்டின்மேல் வீடுகளை அடுக்கி மலையாக்கியிருக்கிறார்கள்.

உச்சியில் உள்ளே ஒடுங்குவது கிரீவம், கழுத்து. அதன்மேல் தலையாகச் சிகரம். அதன்மேல் கலசம். சிகரம் சதுரமானால் நாகரம், எட்டுப் பட்டையானால் திராவிடம், வட்டமானால் வேசரம் என்று நம் சிற்ப நூல்கள் பிரிக்கின்றன. தாங்குதளம், சுவர், கூரை, கழுத்து, சிகரம், கலசம் என்று ஆறு உறுப்பு. பாதம், கழுத்து, தலை என்று உடம்பின் பெயர்களே கட்டடத்துக்கு வந்திருப்பதைக் கவனித்தீர்களா?

நோட்டை எடுத்து, வெளிக்கோட்டை மட்டும் ஒருமுறை வரையுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் சரி. தஞ்சை விமானத்தின் கோடு நேராக ஏறும். கங்கைகொண்ட சோழபுரத்தின் கோடு உள்வாங்கி வளைந்து ஏறும். அப்பன் இராசராசன் கட்டியதும் மகன் இராசேந்திரன் கட்டியதும். படத்தில் பார்த்து இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடவே இல்லை, கையால் வரைந்தபோதுதான் தெரிந்தது.

மண்டபமும் கோபுரமும்

களைப்பில்லையென்றால் வெளியே வரும் வழியில் இவற்றையும் பார்க்கலாம். மண்டபத்தில் நடுவில் நில்லுங்கள், ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து நாலு பக்கமும் சுற்றுங்கள். நாயக்கர் காலத் தூண்களில் ஒரே கல்லில் குதிரை முன்காலைத் தூக்கி நிற்கும், யாளி துதிக்கையை நீட்டும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளும் மதுரைப் புதுமண்டபமும் இதன் உச்சம். தட்டினால் சுரம் தரும் தூண்கள் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் இருக்கின்றன. எல்லாரும் தட்டித் தட்டித் தேய்ந்த கல் அது, நீங்களும் தட்ட வேண்டாம். நிமிர்ந்து கூரையையும் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயில் கொடுங்கையில், அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பில், கல்லைக் கம்பியும் சட்டமுமாக இழைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி என்ற கல் சாளரம் போன்றவை நீங்கலாக எதையும் செய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பார்களாம். எழுதிய சீட்டை யாரும் காட்டியதில்லை, ஆனால் கொடுங்கைக்கு அடியில் நின்றவர்கள் நம்பிவிடுவார்கள்.

கோபுரத்தில் அடிப்பகுதிதான் கல். மேலே செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும், எடை குறைய வேண்டுமல்லவா. வண்ணமெல்லாம் ஒவ்வொரு குடமுழுக்குக்கும் புதிதாகப் பூசுவது. ஆகவே பழமை தேடுகிறவர் கல்லாலான அடிப்பகுதியில் நிற்க வேண்டும். சிதம்பரம் கோபுர வாசலின் உட்சுவரில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களும், அதாவது நடன நிலைகளும், வரிசையாக உண்டு. ஸ்ரீரங்கத்தில் 13 நிலையோடு 236 அடி உயரத்தில் நிற்கும் தெற்கு இராஜகோபுரம் 1987இல்தான் முழுமையானது. அதன் அடிப்பகுதி சில நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்றது.

காதில் விழும் கதைகள்

நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாராவது வந்து கதை சொல்வார்கள், கண்டிப்பாக. கேளுங்கள், ரசியுங்கள், பிறகு உங்கள் கண்ணைக் கேளுங்கள். தஞ்சை விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒருவர் எனக்கு அரை மணி நேரம் விளக்கினார், நாங்கள் இருவரும் அந்த நிழலில்தான் நின்றுகொண்டிருந்தோம். வெயிலுக்கு அது நல்ல நிழல். உண்மையில் வியக்க வேண்டியது கல்வெட்டிலேயே இருக்கிறது. விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் போர்த்த செப்புக் குடத்தை இராசராசன் கொடுத்தது அவனுடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று நாள் கணக்கோடு எழுதியிருக்கிறார்கள். அது 1010ஆம் ஆண்டு.

அடுத்து எங்கே

முதல் கோயில் முடிந்து ஆசை வந்துவிட்டால் நான் சொல்லும் வரிசை இது. மாமல்லபுரம் ஐந்து ரதங்கள், வடிவங்களைக் கற்க. காஞ்சி கைலாசநாதர், மணற்கல்லில் பல்லவன் இராசசிம்மன் கட்டியது, மதிலை ஒட்டி வரிசையாகக் குட்டிச் சன்னிதிகள், சிலவற்றில் பழைய ஓவியத்தின் மிச்சம். அதன் பிறகு தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றையும் அடுத்தடுத்த நாட்களில். மதுரையைக் கடைசிக்கு வையுங்கள்.

தாராசுரத்துக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். இரண்டாம் இராசராசன் காலத்தது. தேர் போலச் சக்கரமும் குதிரையும் பூட்டிய மண்டபம், கருவறையைச் சுற்றி அடியில் நாயன்மார் கதைகள் ஒரு சாண் உயரத்தில். அங்கே ஒரு சின்னச் சிற்பத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை, காளையின் உடலை மறைத்தால் யானை. எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், கேட்டால் யாராவது கூட்டிப்போய்க் காட்டிவிடுவார்கள். கேட்காமல் தேடினால் எனக்கு ஆனதுபோல முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் மற்றதெல்லாம் பார்த்திருப்பீர்கள்.